ஏற்காட்டை இறங்கத் தெரிந்த கார்: வீட்டு ஷெட்டில், கைக்காசுக்குள்

அடிவாரத்திலிருந்து மேலே ஏறும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். இறங்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

என் சாயம் வெளுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்று வாங்கி, முதல் மூன்று மாதச் சம்பளத்தில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், சத்தம் போடும் சைலன்சர், பளபளக்கும் அலாய் வீல் எல்லாம் மாட்டியிருந்தேன். நண்பர்கள் மூவரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போய்விட்டுத் திரும்புகிறோம். 20 கொண்டை ஊசியில் பாதிதான் இறங்கியிருப்போம், பிரேக் மிதி சேற்றில் கால் வைத்ததுபோல் உள்ளே போனது. இரண்டாவது கியருக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து மண்ணில் ஒதுக்கி நிறுத்தினேன். முன்சக்கரத்திலிருந்து கருகிய நாற்றம். சில்வர் ஓக் மரம் ஏற்றிப் பின்னால் வந்த லாரிக்காரர் நிறுத்தி எட்டிப் பார்த்தார். "ஏந்தம்பி, நியூட்ரல்ல உட்டியா? எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கோணும்." வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சைலன்சருக்குக் குடுத்த காசுல பிரேக் ஆயிலு மாத்தியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. நாலு பேரோடு 1,100 கிலோ எடை கொண்ட கார், ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை சுமார் 1,100 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த ஆற்றல் முழுவதும் எங்கேயாவது சூடாகத்தான் போக வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் அதே காரை 28 தடவை முழுதாக நிறுத்தினால் எவ்வளவு சூடு பிறக்குமோ, அவ்வளவு. எஞ்சின் தன் பங்கைத் தாங்காவிட்டால் மொத்தமும் நாலு சக்கரத்தின் தலையில் விழும்.

ஆகவே கீழே உள்ள வரிசை, பெரும்பாலானோர் செலவு செய்யும் வரிசைக்கு நேர் தலைகீழ். பழுது பார்ப்பது முதலில், அப்புறம் பிரேக், டயர், சஸ்பென்ஷன், குளிரூட்டல். எஞ்சினில் கை வைப்பது கடைசி. பாதியில் பணம் தீர்ந்தாலும் அதுவரை செய்தது வீணாகாது.

ஸ்பேனர் எடுக்கும் முன் ஆர்.சி. புக்கை எடுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதனால் வேறு மாடல் எஞ்சினை இறக்குவது, சேஸிஸை வெட்டி ஒட்டுவது, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது, காது கிழியும் சைலன்சர் இவை எதுவும் இந்தக் கட்டுரையில் இல்லை. வண்டியின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதிய வேண்டும். என் சைலன்சரைக் கழற்றி எடைக்குப் போட்டேன். வாங்கிய விலை நினைவுக்கு வந்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பிரேக் பேட், பிரேக் ஆயில், ஷாக் அப்சார்பர், புஷ், கம்பெனி அனுமதித்த அளவு டயர் ஆகியவை தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டிய சாமான்கள். மாற்றும்போது ஒரு படி தரமானதாகப் போடுகிறோம், அவ்வளவுதான். இந்த வட்டத்துக்குள் நின்றே வண்டி வேறு வண்டியாகிவிடும்.

எந்த வண்டி?

குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள். அதை எடையால் வகுத்துப் பாருங்கள். 1999க்குப் பின் வந்த 16 வால்வ் எஸ்டீம் 85 பி.எச்.பி., எடை சுமார் 875 கிலோ. டன்னுக்கு 97 பி.எச்.பி. வருகிறது. 1,200 கிலோ எடையும் 100 பி.எச்.பி.யும் உள்ள இன்றைய காருக்கு டன்னுக்கு 83தான். வளைவில் அந்த 300 கிலோ வித்தியாசத்தைப் பிரேக்கும் டயரும் சேர்ந்து சுமக்கின்றன.

எஸ்டீம் உற்பத்தி 2007இலேயே நின்றுவிட்டது. ஆகவே எல்லா எஸ்டீமும் 15 வருடம் தாண்டியவை, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது; 20 வயதைத் தாண்டிய வண்டிக்கு அதைவிட அதிகம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது 2011க்குப் பின் வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட். 1,000 கிலோவுக்குக் கீழே எடை, சுமார் 85 பி.எச்.பி., எந்தச் சந்தில் கேட்டாலும் உதிரிபாகம். பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கின் 106 பி.எச்.பி.யைப் பார்த்து நாக்கு ஊறும். எனக்கும் ஊறியது. ஆனால் ஒரு சென்சாருக்காக வண்டி மூன்று வாரம் ஷெட்டில் படுத்துக் கிடக்கும் பொறுமை உங்களுக்கு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ ஒளிக்கிறார்கள் என்று அர்த்தம். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று காட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள். பெயின்டும் சீட் கவரும் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. துரு மட்டும் கூடாது. தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஜாக்கி வைக்கும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள்.

மொத்த பட்ஜெட்டில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்க வேண்டாம். மீதிப் பாதியில் ஒரு பங்கை "எதிர்பாராதது" என்று எழுதி ஒதுக்குங்கள். அது கட்டாயம் செலவாகும்.

ஷெட்டும் சாமானும்

சமமான கான்கிரீட் தரை, மேலே ஒரு கூரை, ஒரு நல்ல விளக்கு. தகரக் கூரையாக இருந்தால் ஏப்ரல், மே மாதம் காலை பத்து மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. சுற்றிலும் மலை, நடுவில் சட்டி மாதிரி சேலம். விடியற்காலையில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். காருக்கு அடியில் உடம்பில் எந்தப் பாகம் போவதாக இருந்தாலும் இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட் வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் எச்சரிக்காமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் படுக்க வையுங்கள், இரண்டாவது காப்புக்கு.

ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், ஒரு மல்டிமீட்டர், நட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச். கடைசியில் சொன்னதை அண்ணன் தம்பியிடம் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். "கை கணக்கு" என்று இறுக்கிய வீல் நட்டு கழன்றதையும் பார்த்திருக்கிறேன், போல்ட்டே முறிந்ததையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலையும் தேடிப் பிடியுங்கள். எந்த நட்டுக்கு எவ்வளவு என்று அதில்தான் இருக்கும்.

முதல் மாதம் பழுது நீக்குவதற்கு மட்டும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஸ்பார்க் பிளக், எல்லா ஃபில்டரும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், போன வருடம்தான் மாற்றியது என்று விற்றவர் சத்தியமே செய்தாலும் புதிது போடுங்கள். டேப்பட் செட்டிங் (வால்வ் இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியில் பெட்ரோல் ரப்பர் குழாய்களை முழுதாக மாற்றுவது நல்லது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காகச் செய்யப்படாத ரப்பர் காய்ந்து வெடிக்கும். இவ்வளவு செய்ததும் பிக்கப் தானாகக் கூடியிருக்கும். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த இழுவை திரும்பக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிரேக்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

அன்று மலையில் எனக்கு நடந்ததன் காரணம் இது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஆயில் டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று ரகம் போட்டிருக்கும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் அது 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்த ஆயில் ஆவியாகும்; ஆவியை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. அதனால்தான் மிதி சேற்றுக்குள் போனது. என் வண்டியில் இருந்த ஆயில் டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. முந்தைய ஓனர் எந்தக் காலத்தில் மாற்றினாரோ!

புது டாட் 4 ஆயில் அரை லிட்டர் சில நூறு ரூபாய்தான். மாற்றும் முறை: மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் உள்ள பழசைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தில் உள்ள ஏர் நிப்பிளைத் திறக்க, நிறம் மாறிய ஆயில் குழாய் வழியாகப் பாட்டிலுக்கு வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மிதியை விடவேண்டும். இந்த வரிசை தவறினால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். புது ஆயில் தெளிவாக, குமிழி இல்லாமல் வரும்வரை நாலு சக்கரத்துக்கும் செய்யுங்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்கள். மேலே டப்பா காலியாக விடாதீர்கள். என் மனைவிதான் உள்ளே உட்கார்ந்து மிதித்தாள். "மிதி", "பிடி", "விடு" என்ற மூன்று சொல்லைத் தவிர அன்று காலை எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை. ஆயில் பெயின்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டை உரித்துவிடும். டாட் 5 என்பது சிலிக்கான், வேறு சாதி. அதைக் கலக்கவே கூடாது. டாட் 5.1 பரவாயில்லை.

அடுத்து டிஸ்க்கும் பேடும். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்து பாருங்கள், அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்து இழைக்காமல் புதிது வாங்குங்கள். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். பேட், பெயர் தெரிந்த கம்பெனியின் ஒரு படி உயர்ந்த ரகம் போதும். பந்தயப் பேட் வேண்டாம். அது சூடேறிய பிறகுதான் பிடிக்கும், அஸ்தம்பட்டி சிக்னலில் குறுக்கே வரும் மொபெட்டுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. பத்து வயதான ரப்பர் பிரேக் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். பின்சக்கர டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

புதுப் பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் 60இலிருந்து 20 வரை எட்டுப் பத்து தடவை குறைத்து, முழுதாக நிறுத்தாமல், பிறகு பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள்.

டயர்

சாலையைத் தொடுவது நாலு உள்ளங்கை அளவு ரப்பர். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை மலைக்கு நான் கொண்டுபோவதில்லை.

ரிம்மைப் பெரிதாக்கும் ஆசை வந்தால் கணக்குப் போடுங்கள். 175/70 ஆர்13 என்றால் அகலம் 175 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 13 அங்குலம். அதன் மொத்த விட்டம் 575 மில்லிமீட்டர். 185/60 ஆர்14 போட்டால் 578; ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 195/55 ஆர்15 போட்டால் 595. 3 சதவீதத்துக்கு மேல் பெரிதாகி, வீல் ஆர்ச்சில் உரசி, இழுவையும் குறையும். என் பளபளக்கும் அலாய் அந்த ரகம்தான். கம்பெனி உங்கள் மாடலின் உயர்ந்த வேரியன்ட்டுக்குக் கொடுத்த அளவிலேயே நின்றுகொள்வது சட்டத்துக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

சஸ்பென்ஷன்

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். வண்டி குழியில் இறங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டே நழுவலாம். நம்மூர் வேகத்தடைகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, ஸ்டெபிலைசர் புஷ் ஆகியவற்றை ஒரே தடவையில் மாற்றுங்கள். நாலு ஷாக் அப்சார்பரும் புதிது. ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) ஸ்பிரிங் மாற்றும் வேலை மட்டும் பட்டறையில் நடக்கட்டும். அமுக்கி வைத்த ஸ்பிரிங் துப்பாக்கி மாதிரி. அப்புறம் வீல் அலைன்மென்ட். செய்து முடித்த மறுநாள் நான் ஏற்காட்டுக்கு ஓட்டிப் போனேன். ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு பி.எச்.பி. கூட ஏறவில்லை, ஆனால் வண்டி பத்து வயது குறைந்திருந்தது.

எடை குறைப்பதும் இங்கேயே. டிக்கியில் கிடக்கும் ஊஃபர் பெட்டி, இரும்பு பம்பர் கார்டு, பாதி வாழ்நாளாகச் சுமந்து வந்த பழைய சாமான்கள் எல்லாம் வெளியே. ஸ்டெப்னி, ஜாக்கி, சீட் பெல்ட், ஏர்பேக் இவற்றில் கை வைக்காதீர்கள்.

சூடு

40 டிகிரி வெயிலில் கோரிமேட்டில் டிராஃபிக்கில் நின்று, அப்படியே மலையேறுகிறது வண்டி. 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அழுத்தம் பிடித்து வைப்பதால்தான் எஞ்சின் தப்பிக்கிறது. அந்த அழுத்தத்தைப் பிடிப்பது ரேடியேட்டர் மூடி. ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிட்டா சூடே ஆகாதுங்ணா" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும்.

எஞ்சின், கடைசியாக

உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஏற்காட்டில் ஏறக்குறைய 14 சதவீதம் திறனை இழக்கிறது. கடல் மட்டத்தில் 85 என்றால் அங்கே 73. நீங்கள் ஃபில்டருக்கும் சைலன்சருக்கும் கொடுத்து வாங்கும் நாலைந்து பி.எச்.பி.யை மலை சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிடும். என் கூம்பு ஃபில்டர் பானட்டுக்குள் இருந்த சூடான காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. கம்பெனி டப்பாவைத் திரும்ப மாட்டி, நல்ல பேப்பர் ஃபில்டர் போட்டதும் கீழ் ஆர்.பி.எம். இழுவை திரும்பியது.

டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருந்தால் ஈ.சி.யு. ரீமேப் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) நிஜமாகவே வித்தியாசம் காட்டும். அதுவும் கிளச், பிரேக், கூலிங் மூன்றும் புதிதாக இருக்கும்போது மட்டும். வாரன்ட்டி போகும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், புகைச் சான்றிதழிலும் தேற வேண்டும். டர்போ இல்லாத வண்டிக்கு ரீமேப் பணம் வீண். அந்தக் காசில் கோவைக்குப் போய்வாருங்கள்.

கோவைக்கு எதற்கு?

மலைச்சாலை பந்தயத்துக்கு இல்லை. குரங்கும் பனியும் எஸ்டேட் ஆட்களும் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். அரசின் எழுத்து அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் வேகப் பந்தயம் விடுவது பிரிவு 189இன் கீழ் குற்றம். முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு.

காரின் எல்லையைத் தொட்டுப் பார்க்க, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற மலிவான பந்தயக் காரை உருவாக்கிய எஸ். கரிவரதன் பெயரில் அமைந்த தளம். குறைந்த காசில் வேகம் தேடுபவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோர் இருந்திருக்கிறார். சொந்த வண்டியை ஓட்ட அனுமதிக்கும் நாட்களை விசாரித்துக்கொண்டு போங்கள். நேராகப் போகும் வேகத்தை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் பிரேக் மிதித்து ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

முதல் மலைப் பயணம்

வேலை எல்லாம் முடிந்தபின் ஒரு சாதாரண நாள் காலை ஆறு மணிக்கு, தனியாக. மே மாதக் கோடை விழாச் சமயம் வேண்டாம். ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். மேலே ஏரிக்கரையில் பத்து நிமிடம் நிறுத்தி, பானட்டைத் திறந்து கசிவு பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

இறக்கத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்காது, மிதி கல்லாகிவிடும். பிரேக்கை வளைவுக்கு முன்பே அழுத்தமாக, கொஞ்ச நேரம் மிதித்து விட்டுவிடுங்கள். கால் வைத்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கினால் டிஸ்க் ஆற நேரம் இருக்காது.

அடிவாரம் வந்ததும் ஓரமாக நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் வேண்டாம், சூடான டிரம் ஷூவைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். நாலு சக்கரத்தின் பக்கத்திலும் குனிந்து மோந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடக் காந்தினால் பேடை அழுத்தும் அந்தக் காலிப்பர் சிக்கியிருக்கிறது, அடுத்த ஞாயிறு வேலை அதுதான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் சக்கரம் ஆறியிருக்கும். டார்க் ரெஞ்சை எடுத்து நட்டுகளை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.